எடுக்க முடியாத ஐந்து டாலர்



அமெரிக்காவில் ஒரு கிரெடிட் யூனியனில் கணக்குத் தொடங்கியவர், முதல் மாத அறிக்கையைப் பார்க்கும்போது ஒரு வரியில் திகைத்து நிற்பார். இருப்பு: 5 டாலர். எடுக்கக்கூடிய தொகை: 0. போட்ட காசு கணக்கில் இருக்கிறது. ஆனால் கைக்கு வராது. ஏதோ கட்டணம் என்று பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக் கிளைக்குப் போய் விசாரித்தால், கவுண்டரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: அது கட்டணமில்லை, உங்கள் பங்கு.

பங்கு என்ற அந்தச் சொல்லை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வங்கியில் பணம் போடுபவர் வாடிக்கையாளர். வங்கியின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். கிரெடிட் யூனியனில் பணம் போடுபவரே சொந்தக்காரர். ஐந்து டாலரோ, பத்தோ, இருபத்தைந்தோ, சங்கத்துக்குச் சங்கம் தொகை மாறும். அதைப் போட்டுச் சேமிப்புக் கணக்கைத் திறந்தால்தான் ஒருவர் உறுப்பினர். செக்கிங் கணக்கு, கார் கடன், வீட்டுக் கடன் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தத் தொகையை எடுத்துவிட்டால் உறுப்பினர் தகுதியும் போய்விடும் என்பதால்தான் அதைத் தொட விடுவதில்லை. கூட்டாட்சிச் சட்டப்படி அந்தக் கணக்கின் பெயரே பங்குக் கணக்குதான். அதில் கிடைப்பது வட்டி அல்ல, ஈவுத்தொகை. (வருமான வரித்துறை மட்டும் இந்தப் பெயர் மாற்றத்துக்கு அசைவதில்லை. ஈவுத்தொகையை வட்டி வருமானமாகத்தான் காட்ட வேண்டும் என்கிறது.)

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆசிரியர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் இங்கே இருக்கும் சிக்கன நாணயச் சங்கங்கள், பேச்சு வழக்கில் 'சொசைட்டி', அதே வகையைச் சேர்ந்தவை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம், கொஞ்சம் பங்குத்தொகை, அவசரத்துக்கு ஒரு கடன். பங்குதாரர் என்ற பொருளில் 'பங்காளி' என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் தமிழில் பங்காளி என்றால் வரப்புத் தகராறுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே உறுப்பினர் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்து விவசாயிகளுக்காகக் கடன் சங்கங்களை உருவாக்கினார். சென்னை மாகாண அரசு, நம் உழவர்களின் கடன் சுமைக்கு வழி தேட, பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவர் 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை தந்தார். ரைஃபைசன் காட்டிய வழியே நம் ஊருக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் ஒரு சங்கம் தொடங்கியது. 1907-ல் பாஸ்டன் நகரத்துக் கடை முதலாளி எட்வர்ட் ஃபைலீன் உலகப் பயணமாக இந்தியா வந்தார். வங்காளத்தில் இந்தச் சட்டத்தின் கீழ் நடந்த கிராமச் சங்கங்களைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி, வாழ்நாள் முழுவதும் அதே வேலையாக இருந்தார். சொந்தப் பணத்தில் பத்து லட்சம் டாலரைச் செலவழித்தார் என்பார்கள். அமெரிக்கக் கிரெடிட் யூனியன் இயக்கத்தின் தந்தை என்று இன்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

தந்தை ஒருவர் என்றால், தாய்வீடு கனடாவில் இருக்கிறது. அல்ஃபோன்ஸ் டெஜார்டின் கனடா நாடாளுமன்றத்தில் உரைகளைச் சுருக்கெழுத்தில் பதிவுசெய்யும் வேலையில் இருந்தவர். 1897-ல் ஒரு நாள் அவையில் ஓர் உறுப்பினர் எழுந்து, மான்ட்ரியலில் 150 டாலர் கடன் வாங்கிய ஒருவர் வட்டியாக மட்டும் 5,000 டாலர் கட்ட நேர்ந்த கதையைச் சொன்னார். மற்றவர்களுக்கு அது ஒரு பேச்சு. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவருக்கு உறக்கம் போயிற்று. 1900 டிசம்பரில், கியூபெக் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள லெவியில், ஊர்க்காரர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். 1901 ஜனவரி 23 அன்று வசூல் தொடங்கியது. முதலில் போட்டவர் போட்டது 10 சென்ட். அன்று மாலை எண்ணிப் பார்த்தபோது 26 டாலர் 40 சென்ட் சேர்ந்திருந்தது. நாடாளுமன்ற வேலைக்காக டெஜார்டின் ஒட்டாவாவில் தங்கிய மாதங்களில் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி டோரிமென். சங்கத்தின் வரலாற்றில் அந்த அம்மாவுக்கு உரிய இடம் கிடைக்க நீண்ட காலம் ஆயிற்று.

1908-ல் டெஜார்டின் எல்லை தாண்டி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டருக்குப் போனார். அங்கே துணி ஆலைகளில் வேலை பார்த்த பிரெஞ்சு பேசும் கனடியர்களுக்காக, மாதா கோவில் பங்குத்தந்தை ஒருவரின் முயற்சியில், அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியன் உருவாயிற்று. ஒரு வழக்கறிஞரின் வீட்டில்தான் அலுவலகம். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். சங்கம் இன்னும் நடக்கிறது. பெயர் மட்டும் செயின்ட் மேரீஸ் பேங்க். முதல் கிரெடிட் யூனியனின் பெயரிலேயே 'பேங்க்' என்று இருப்பது, வேறுபாட்டை விளக்கப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம்.

அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. 1933-ல் வங்கிகள் வரிசையாகக் கதவடைத்த பிறகு, 1934 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் கூட்டாட்சிக் கிரெடிட் யூனியன் சட்டத்தில் கையெழுத்திட்டார். தொழிற்சாலைக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று என்று சங்கங்கள் முளைத்தன. 1969 வாக்கில் எண்ணிக்கை 24,000-ஐ நெருங்கியது. பிறகு ஒன்றோடொன்று இணைந்து இன்று சுமார் 4,500 ஆகச் சுருங்கிவிட்டன. உறுப்பினர்களோ 14 கோடியைத் தாண்டிவிட்டார்கள். 1933-ல் கடற்படைத் துறை ஊழியர்கள் ஏழு பேர் தொடங்கிய நேவி ஃபெடரல் ஒன்றில் மட்டும் இப்போது 1.4 கோடிக்கு மேற்பட்டவர்கள். அங்கும் உள்ளே நுழைய ஐந்து டாலர்தான்.

சரி, உள்ளே நுழைந்தவருக்கு என்னென்ன கணக்குகள்?

சேமிப்பில் தொடங்குவோம். அடிப்படைப் பங்குக் கணக்கு என்பது வாசற்படி. அதிலேயே பாய் விரித்துப் படுக்கக் கூடாது. பல சங்கங்களில் அதன் ஈவுத்தொகை ஆண்டுக்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. உறுப்பினருக்குச் சொந்தமான சங்கம் என்பதால் எல்லாவற்றிலும் கூடுதலாகத் தரும் என்று நம்பிப் பெருந்தொகையை இங்கே கிடக்க விடுபவர்கள், இணைய வங்கிகள் தரும் விகிதத்தைப் பார்த்தால் வருந்துவார்கள். கிரெடிட் யூனியனின் கை தாராளமாக இருப்பது பெரும்பாலும் கடன் பக்கம்: கார் கடனுக்கும் கிரெடிட் கார்டுக்கும் வட்டி குறைவு. கூட்டாட்சி உரிமம் பெற்ற சங்கங்கள் பெரும்பாலான கடன்களுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது என்ற உச்சவரம்பே இருக்கிறது.

கொஞ்சம் பெரிய தொகை இருந்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் வசதியும் வேண்டும் என்றால் 'மனி மார்க்கெட்' கணக்கு. இருப்பு ஏற ஏற விகிதமும் படிப்படியாக ஏறும். ஆறு மாதமோ ஐந்து வருடமோ தொட மாட்டேன் என்பவருக்குப் பங்குச் சான்றிதழ். நம் ஊர் ஃபிக்சட் டெபாசிட்டேதான், பெயர் மட்டும் வேறு. இடையில் உடைத்தால் சில மாத ஈவுத்தொகையை இழக்க வேண்டும். 2020 ஏப்ரல் வரை சேமிப்புக் கணக்கிலிருந்து மாதத்துக்கு ஆறு முறைக்கு மேல் சில வகைப் பணமாற்றங்களைச் செய்யக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. கொரோனா காலத்தில் மத்திய வங்கி அதை நீக்கியது. ஆனாலும் சில சங்கங்கள் தம் சொந்த விதியாக அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. கட்டண அட்டவணையை ஒரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

கிறிஸ்துமஸ் கிளப் என்று ஒரு கணக்கு உண்டு. நம் தீபாவளிச் சீட்டை அறிந்தவர்கள் உடனே தலையாட்டுவார்கள். வாரமோ மாதமோ சிறு தொகை போய்ச் சேரும். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ மொத்தமாகக் கைக்கு வரும். பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் ஒரு நிதி நிறுவனம் 1909-ல் தொடங்கிய வழக்கம் இது. வங்கிகள் பலவும் இதைக் கைவிட்டுவிட்டன. கிரெடிட் யூனியன்கள் விடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் லாபம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எடுக்க முடியாமல் இருப்பதுதான் இந்தக் கணக்கின் சிறப்பே. பண்டிகைச் செலவைக் கிரெடிட் கார்டில் போட்டு, கோடைகாலம் வரை வட்டி கட்டியவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சேமிப்புக் கணக்குகளில் மிகச் சுவையானது மிச்சிகனில் பிறந்தது. லாட்டரி வாங்கும் ஏழை ஏன் சேமிப்பதில்லை என்று புத்தி சொல்வதற்குப் பதிலாக, சேமிப்பையே லாட்டரி ஆக்கினால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். 2009-ல் அந்த மாநிலத்தின் எட்டுக் கிரெடிட் யூனியன்கள் 'சேவ் டு வின்' என்ற திட்டத்தைத் தொடங்கின. ஒரு வருடச் சான்றிதழில் 25 டாலர் போட்டால் குலுக்கலில் ஒரு வாய்ப்பு. மாதத்துக்குப் பத்து வாய்ப்பு வரை. பெரும் பரிசு ஒரு லட்சம் டாலர். பரிசு விழாவிட்டாலும் போட்ட பணம் போட்டபடி இருக்கும். இதுதான் சாதாரண லாட்டரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. முதல் ஆண்டிலேயே பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து 85 லட்சம் டாலருக்கு மேல் சேமித்தார்கள். முதல் பெரும் பரிசு ஒரு 86 வயது மூதாட்டிக்கு விழுந்தது. மற்ற மாநிலங்களிலும் வங்கிகளிலும் இதற்கு லாட்டரிச் சட்டங்கள் குறுக்கே நின்றதால், 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி வழிவிட்டது.

இனி செக்கிங் கணக்கு. நம் ஊரில் 'கரன்ட் அக்கவுன்ட்' என்றால் வியாபாரிகளுக்கானது. சம்பளக்காரர்களுக்குச் சேமிப்புக் கணக்கே போதும். அமெரிக்காவில் அப்படியில்லை. சம்பளம் வந்து விழுவது, வாடகை போவது, டெபிட் கார்டு தேய்ப்பது எல்லாம் செக்கிங் கணக்கில். அன்றாட வாழ்க்கையே அதில்தான் ஓடுகிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளும் உரிமைக்காகக் கிரெடிட் யூனியன்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

எழுபதுகள் வரை உறுப்பினருக்குச் சேமிப்பு உண்டு, கடன் உண்டு. காசோலைப் புத்தகம் கிடையாது. அது வங்கிகளின் ஏகபோகம். 1933 முதல் செக்கிங் கணக்குக்கு வட்டி தரவும் சட்டம் தடை போட்டிருந்தது. 1972-ல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரத்துச் சேமிப்பு வங்கி ஒன்று, வட்டி தரும் கணக்கிலிருந்தே பணம் வழங்கும் சீட்டு எழுதலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து கண்டுபிடித்து நுழைந்தது. 1974-ல் சில கிரெடிட் யூனியன்கள் அதே தடத்தில் சோதனையில் இறங்கின. செக் என்று சொல்ல முடியாது. ஆகவே 'பங்கு வரைவோலை' என்று பெயர் வைத்தார்கள். பார்ப்பதற்குச் செக் மாதிரியே இருக்கும். ஒரு விஷயத்தில் செக்கை விடவும் முன்னேறியது: வங்கிகள் பணம் கொடுத்த செக்குகளையெல்லாம் மாதக் கடைசியில் கட்டாகக் கட்டி வாடிக்கையாளருக்கே அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், வரைவோலைக்கு அடியில் கார்பன் நகல் வைத்து அதை உறுப்பினரிடமே விட்டார்கள். மூலம் திரும்பி வராது. தாளைச் சுமந்து திரியும் செலவு மிச்சம்.

வங்கியாளர் சங்கம் வழக்குப் போட்டது. 1979 ஏப்ரலில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்பளித்தது: இதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் தீர்ப்பை உடனே நடைமுறைப்படுத்தாமல், ஆண்டு முடியும் வரை நாடாளுமன்றத்துக்கு அவகாசம் கொடுத்தது. முதலில் ஒரு தற்காலிகச் சட்டம். பிறகு 1980 மார்ச் 31 அன்று அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட பெரிய சட்டம். பங்கு வரைவோலை சட்டபூர்வமானது. விதிப் புத்தகங்களில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. உறுப்பினர்கள் செக்கிங் என்றுதான் சொல்கிறார்கள்.

இன்று அதில் மூன்று நான்கு வகை உண்டு. மாதக் கட்டணமும் குறைந்தபட்ச இருப்பும் இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்று. பெரும்பாலோருக்கு அதுவே போதும். இருப்புக்குச் சிறு ஈவுத்தொகை தருவது இன்னொன்று. மூன்றாவதுதான் விளம்பரத்தில் கண்ணைப் பறிப்பது: ஐந்து சதவீதம், ஆறு சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அடியில் சிறிய எழுத்தில் நிபந்தனை. மாதம் பன்னிரண்டோ பதினைந்தோ முறை டெபிட் கார்டு தேய்க்க வேண்டும், சம்பளம் நேரடியாக வர வேண்டும், அறிக்கை மின்னஞ்சலில்தான். விகிதமும் ஒரு வரம்பு வரைதான். வரம்பு 10,000 டாலர், விகிதம் ஐந்து என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 41 டாலர் சொச்சம் கிடைக்கும். பதினோரு முறை தேய்த்துப் பன்னிரண்டாவதை மறந்த மாதத்தில் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. கணக்கை ஒரு பகுதிநேர வேலை மாதிரிப் பார்த்துக்கொள்ளும் பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல வரும்படி. மற்றவர்களுக்கு வீண் தலைவலி.

நான்காவதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. பழைய கணக்கைப் பற்றாக்குறையில் விட்டு ஓடியவர்களின் விவரங்களைச் சேகரித்து வைக்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உண்டு. அந்தப் பதிவில் பெயர் ஏறிவிட்டால் ஐந்து வருடம் வரை எந்த வாசலிலும் தயக்கத்தோடுதான் வரவேற்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகப் பல கிரெடிட் யூனியன்கள் மறுவாய்ப்புக் கணக்கு வைத்திருக்கின்றன. கார்டுக்கு வரம்பு இருக்கும், சிறு மாதக் கட்டணமும் இருக்கலாம். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காக நடத்தினால் சாதாரணக் கணக்காக மாற்றித் தருவார்கள்.

செக்கிங் கணக்கில் கைசுடும் இடம் ஓவர்டிராஃப்ட். இருப்பில் இல்லாத பணத்தைச் சங்கம் தந்து உதவிவிட்டு, அதற்கு ஒரு கட்டணம் பிடிக்கும். நாலு டாலர் காப்பிக்கு இருபது டாலர் கட்டணம் என்பது மிகையல்ல. 2010 முதல், ஏடிஎம்முக்கும் கடையில் டெபிட் கார்டு தேய்ப்பதற்கும் இந்தச் சேவையை உறுப்பினரின் முன்சம்மதம் இல்லாமல் தரக் கூடாது. ஆனால் செக்குக்கும் தானாகப் போகும் தவணைக்கும் அந்த விதி பொருந்தாது. சம்மதம் கேட்கும் கட்டத்தில் டிக் போடாமல் விடுவதும், சேமிப்புக் கணக்கைச் செக்கிங்கோடு இணைத்து, குறைவதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வதும் செலவு குறைந்த வழி. பல சங்கங்கள் இந்த இணைப்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

சொந்தக்காரர்கள் நடத்தும் சங்கம் சொந்தக்காரர்களிடமே இப்படிப் பிடுங்குமா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் நேவி ஃபெடரலுக்கு எதிராக 9.5 கோடி டாலருக்கு உத்தரவிட்டது. பொருள் வாங்கும் நேரத்தில் கணக்கில் பணம் இருப்பதாகக் காட்டிவிட்டு, பிறகு கணக்கு முடிக்கும் நேரத்தில் இருப்புக் குறைந்திருந்ததால் கட்டணம் பிடித்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அரசு மாறிய பின், 2025-ல் ஆணையமே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். ஏழு பேர் சங்கத்தில் பொருளாளர் தப்புச் செய்தால் மாலையில் வீட்டு வாசலில் நின்று கேட்கலாம். ஒரு கோடிப் பேர் சங்கத்தில் 'சொந்தக்காரர்' என்ற சொல்லின் எடை மிகவும் குறைந்துவிடுகிறது. ஆளுக்கு ஒரு ஓட்டு, பணம் எவ்வளவு இருந்தாலும் ஒரே ஓட்டு என்பது உண்மை. அந்த ஓட்டைப் போட ஆண்டுக் கூட்டத்துக்கு வருபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் என்பதும் உண்மை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை கவலைப்பட ஒன்றுமில்லை. வங்கிகளுக்கு இருப்பது போலவே 1970 முதல் கிரெடிட் யூனியன்களுக்கும் கூட்டாட்சி அரசின் காப்பீட்டு நிதி இருக்கிறது. ஒருவருக்கு ஒரு சங்கத்தில் 2.5 லட்சம் டாலர் வரை. கணவன் மனைவி கூட்டுக் கணக்கு என்றால் இருவருக்கும் தனித்தனியாக அதே அளவு. சில மாநிலங்களில் தனியார் காப்பீட்டில் நடக்கும் சங்கங்களும் உண்டு. ஆகவே வாசலில் ஒட்டியிருக்கும் முத்திரை யாருடையது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

யார் வேண்டுமானாலும் சேரலாமா? சட்டப்படி உறுப்பினர்களுக்குள் ஒரு பொதுப் பிணைப்பு வேண்டும்: ஒரே வேலையிடம், ஒரே ஊர், ஒரே அமைப்பு. ஒரே நிறுவனம் என்பதை எவ்வளவு இழுக்கலாம் என்று வங்கிகள் மறுபடியும் வழக்குப் போட்டன. 1998 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் வங்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆறே மாதத்தில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி வாசலை அகலமாக்கியது. இப்போது பிணைப்பு பல இடங்களில் பெயருக்குத்தான். சிகாகோவின் அலயன்ட், 1935-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஊழியர்களுக்காகத் தொடங்கியது. இன்று வேறெந்தத் தொடர்பும் இல்லாதவர் ஒரு தொண்டு அமைப்பின் ஆதரவாளராகப் பதிந்துகொண்டு உள்ளே வரலாம். பல்கலைக்கழகங்களுக்கும் கிரெடிட் யூனியன்கள் இருக்கின்றன. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துடையது 1937-ல் தொடங்கிய பெரிய சங்கம். நம் ஊரிலிருந்து மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கல்லூரி வளாகத்துக் கிளை பெரும்பாலும் வசதியான முதல் வாசல். கிளை தூரமாக இருந்தால்கூட, பகிர்வுக் கிளை ஏற்பாட்டில் சேர்ந்த சங்கம் என்றால், வேறு ஊரில் வேறு சங்கத்தின் கவுண்டரில் தன் கணக்கில் பணம் போடலாம், எடுக்கலாம். கட்டணமில்லாத ஏடிஎம் வலையமைப்பில் சுமார் 30,000 இயந்திரங்கள் இருக்கின்றன.

படிப்பு முடிந்தோ வேலை மாறியோ ஊரைவிட்டுப் போகும்போது கணக்கை மூட வேண்டியதில்லை. ஒருமுறை உறுப்பினரானவரை அப்படியே தொடர விடுவது பல சங்கங்களின் வழக்கம். மூடித்தான் ஆக வேண்டும் என்றால், அன்றைக்குத்தான் அந்த ஐந்து டாலர் கைக்கு வரும். சந்தையில் விற்கும் பங்கு போல அதன் விலை ஏறியிருக்காது. ஐம்பது வருடத்துக்கு முன் போட்டவருக்கும் ஐந்துதான், போன மாதம் போட்டவருக்கும் ஐந்துதான்.